முதல் கைத்துவக்கு, அதுவும் பழைய றிவோல்வர்: வேண்டலாமோ?

மாசி 9, கேள்வி
சொந்த இடம் மாங்குளம், இப்ப ஒஹையோ. போன வருசம் கிரீன் காட் கிடைச்சது. வேலையிலை கூட இருக்கிற ஒருத்தர் இலக்குச் சுடுற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவர், அண்டையிலை இருந்து மனம் அங்கை நிக்குது. பழைய துவக்கு விக்கிற கடையிலை மூண்டு றிவோல்வர் பாத்து வைச்சிருக்கிறன். வெப்லி மார்க் 6, 1917 எண்டு அடிச்சிருக்கு. ஸ்மித் அண்ட் வெஸன் விக்ரறி, குழல் கட்டை, பளபளப்பா முலாம் பூசினது. மூண்டாவது அதே ஸ்மித் அண்ட் வெஸன்ரை, பொலிஸ் பாவிச்சுக் கழிச்ச மொடல் 10, நிறம் போய்ப் பாக்க அரியண்டமா இருக்கு. எனக்கு வெப்லியிலைதான் விருப்பம். முதல் துவக்கா பழசு வேண்டலாமோ? வீட்டிலை நாலு வயசிலை மகள் இருக்கிறா.

மாசி 9, இரவு
பழசு வேண்டலாம். வெப்லியை விடு. விக்ரறியைச் சந்தேகத்தோடை பார். அரியண்டமா இருக்கிறதை வடிவாப் பார். காரணம் பிறகு எழுதிறன், இப்ப வயலிலை பண்டிக்காவல்.

மாசி 10
நான் ஒட்டுசுட்டான் பக்கம். அதுக்கு முதல் கனகாலம் பென்சில்வேனியாவிலை ஒரு கடைசல் பட்டறையிலை வேலை, சனிக்கிழமையளிலை கிளப்பிலை சுடுறது. திரும்பி வரேக்கை எல்லாத்தையும் அங்கையே வித்துப்போட்டு வந்தன். அதாலை இப்ப வாயாலை மட்டும்தான் சுடலாம்.

தம்பி, எந்தத் துவக்கு எண்டு யோசிக்க முதல் எந்த றவை எண்டு யோசி. இலக்குச் சுடுறது எண்டால் பெட்டி பெட்டியாச் சுடுறது. உந்த வெப்லி 1915 இலை பிரித்தானியப் படைக்கு வந்தது, .455 றவைக்குச் செய்தது. அந்த றவை இப்பவும் ஒண்டிரண்டு கொம்பனி செய்யுது, ஆனா தேடிப் பிடிக்கோணும், விலையும் கடிக்கும். கடைக்காரன் "இது .45 ஏசீபீ போடலாம், எங்கையும் கிடைக்கும்" எண்டு சொல்லியிருப்பான். சொன்னவனோ?

சொன்னால் இன்னும் கவனம். ரெண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவுக்கு வந்த கன வெப்லியளின்ரை சிலிண்டரை, அதுதான் றவை போடுற சுழல் உருளையை, பின்பக்கம் சீவிப்போட்டாங்கள். தகட்டுக் கிளிப்பிலை .45 ஏசீபீ றவையைக் கொழுவிப் போட்டால் உள்ளை இருக்கும், வெடிக்கும். ஆனா .455 இன்ரை அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 13,000 இறாத்தல். .45 ஏசீபீக்கு உச்சம் 21,000. நூறு வருசத்துப் பழைய இரும்புக்கு அதைக் குடுக்கிறது மடைத்தனம். "என்ரை தாத்தா அப்பிடித்தான் சுட்டவர், ஒண்டும் நடக்கேல்லை" எண்டு ஆராவது கீழை எழுதுவினம், இருந்து பார்.

மாசி 10, பின்னேரம்
எழுதிப்போட்டினம்.

மாசி 11
விக்ரறி. இது உண்மையிலை நல்ல துவக்கு, மொடல் 10 இன்ரை மூத்த அண்ணன். ரெண்டாம் உலகப் போருக்கு ஸ்மித் அண்ட் வெஸன் செய்தது, தொடர் இலக்கத்துக்கு முன்னாலை "வீ" எண்ட எழுத்து. அமெரிக்கக் கடற்படைக்குப் போனது .38 ஸ்பெஷல் எண்ட நீளமான, மெல்லிய றவைக்கு. பிரித்தானியாவுக்குப் போனது .38/200, அதாவது கட்டையான, கொஞ்சம் தடிச்ச .38 எஸ் அண்ட் டபிள்யூ றவை. ரெண்டும் .38 தான், ஆனா ஒண்டு மற்றதில்லை.

போர் முடிய பிரித்தானியப் பக்கத்துத் துவக்குகள் மலிஞ்ச விலைக்குத் திரும்பி வந்தது. அதை வேண்டின ஆக்கள் சிலிண்டர் அறையை நீளமாக் குடைஞ்சு .38 ஸ்பெஷல் போகிற மாதிரி ஆக்கி, குழலை வெட்டி, முலாம் பூசி வித்தாங்கள். நீ சொன்ன கட்டைக் குழலும் பளபளப்பும் எனக்கு அந்த மணம்தான் மணக்குது. அறையின்ரை அடிப்பக்கம் இன்னும் தடிச்ச றவைக்குரிய அளவிலைதான் இருக்கும். மெல்லிய கோது அதுக்குள்ளை வெடிக்கேக்கை வயிறு ஊதும், சிலவேளை நெடுக வெடிச்சுப்போகும். குழலும் சன்னத்துக்குக் கொஞ்சம் அகலம், கடுதாசியிலை குண்டு தனக்கு விரும்பின இடத்திலை விழும். சாகப் போறேல்லை, ஆனா இலக்குச் சுடப் பழகிறவனுக்கு அதைவிட வேறை தொல்லை வேண்டாம். பிழை உன்ரை கையோ துவக்கோ எண்டு உனக்குத் தெரியவே வராது.

குழலிலை என்ன அடிச்சிருக்கு, பிரித்தானியச் சோதனை முத்திரை எங்கையும் இருக்கோ எண்டு பார். ரெண்டுக்கும் மேலாலை முலாம் ஏறி எழுத்து மழுங்கிப்போச்சு எண்டால் வெளியாலை வா.

இன்னொண்டு. 1944 இலை ஒரு விக்ரறி கப்பலின்ரை இரும்புத் தளத்திலை விழுந்து வெடிச்சு ஒரு மாலுமி செத்தவன். அதுக்குப் பிறகுதான், விழுந்தாலும் ஹமர் (றவையை அடிக்கிற சுத்தியல்) போய் அடிக்காத மாதிரிக் கொம்பனி புதுத் தடை ஒண்டு வைச்சது, இலக்கமும் "எஸ்வீ" எண்டு வரத் தொடங்கினது. தனி "வீ" எண்டால் அந்தப் புதுத் தடை உள்ளை இல்லை. றேஞ்சிலை சுடுற நேரம் மட்டும் றவை போடுற உனக்கு இது பெரிய விசயமில்லை எண்டு சொல்லலாம். நான் சொல்ல மாட்டன்.

மாசி 12
இப்ப அந்த அரியண்டம். பொலிஸ்காரன் வருசக்கணக்கா இடுப்பிலை கொண்டு திரிஞ்ச துவக்கு. தோல் உறை உரசி வெளி நிறம் போகும். ஆனா அவன் சுட்டது எத்தினை தரம்? வருசத்திலை ஒருக்கா ரெண்டு தரம் தகுதிச் சோதனைக்கு. வெளியாலை தேஞ்சு உள்ளுக்கை புதுசா இருக்கிறது இந்தச் சாதியிலைதான் கூட. மாறி, வெளியாலை பளபள எண்டு இருக்கிறதை ஆரோ மினுக்கியிருக்கிறான், எதையோ மறைக்க.

கடையிலை செய்யவேண்டியது இது. முதல் கேட்டுப்போட்டுத் தொடு. சிலிண்டரைத் திறந்து ஆறு அறையும் வெறுமையோ எண்டு கண்ணாலையும் பார், விரலாலையும் தடவு. கடைக்காரன் பாத்திட்டுத்தான் தந்தவன் எண்டாலும் நீயும் பார். பிறகு மூடு. படத்திலை வாற மாதிரி மணிக்கட்டை வெட்டிச் சிலிண்டரை அடிச்சு மூடினாய் எண்டால் அது தொங்கிற கை வளையும், கடைக்காரன் உன்னை அண்டையோடை மறந்திடுவான்.

ஒரு விரலைச் சிலிண்டரிலை பட்டும் படாமலும் வைச்சுக்கொண்டு ஹமரை மெல்ல மெல்லப் பின்னாலை இழு. ஹமர் கடைசியா நிக்கிறதுக்கு முதல் சிலிண்டர் "ணக்" எண்டு பூட்டோணும். ஆறு அறைக்கும் தனித்தனியாச் செய். அஞ்சு பூட்டி ஒண்டு பிந்தினாலும் அது ஒரு செய்தி. இதைத்தான் ரைமிங் எண்டு சொல்லுறது, பழைய றிவோல்வரிலை முதல் போறதும் இதுதான். அறை குழலுக்கு நேரை வராமல் வெடிச்சால் சன்னத்தின்ரை ஈயத்தை ஓரம் சீவும், அந்தச் சீவல் பக்கத்திலை நிக்கிறவன்ரை முகத்திலை தெறிக்கும். எங்கடை கிளப்பிலை ஒருத்தர் அப்பிடிக் கன்னத்திலை வேண்டினவர். கண்ணாடி போட்டிருந்ததாலை கண் தப்பினது.

பிறகு விசையை அமத்திப் பிடிச்சுக்கொண்டு சிலிண்டரை ஆட்டு. பக்கப்பாட்டிலை இத்தினிக்கூண்டு ஆட்டம் ஸ்மித்திலை இருக்கும், பறவாயில்லை. முன்னும் பின்னும் ஆடக்கூடாது. குழலுக்கும் சிலிண்டருக்கும் இடையிலை பீலர் கேஜ் தகட்டை விட்டுப் பார். அங்குலத்திலை ஆயிரத்திலை 4 முதல் 10 வரை சரி, 6 எண்டால் கும்பிட்டு வேண்டு. 12 எண்டால் விலை கதைக்கத் தேவையில்லை. பட்டறைக்காரன் எண்டபடியா எனக்கு எப்பவும் சட்டைப் பையிலை கேஜ் கிடக்கும், கடைக்காரருக்கு என்னைக் கண்டால் முகம் கறுக்கும்.

ஹமரை ஏத்தி வைச்சு, விசையைத் தொடாமல், பெருவிரலாலை ஹமரை முன்னாலை தள்ளு. விழக்கூடாது. விழுந்தால் ஆரோ விசையை இலகுவாக்கிறன் எண்டு உள்ளுக்கை அரத்தாலை விளையாடியிருக்கிறான். பக்கத்தகட்டு ஆணியளின்ரை தலை கடிபட்டிருந்தாலும் அதே கதைதான்.

குழலுக்குள்ளை லைற் அடிச்சுப் பார். உள்ளுக்கை வளையம் மாதிரி ஒரு நிழல் தெரிஞ்சால் குழல் வீங்கியிருக்கு. முந்தி ஆரோ ஒரு சன்னம் உள்ளை சிக்கினது தெரியாமல் அடுத்ததைச் சுட்டிருக்கிறான். அதைத் திருத்தேலாது, குழலைத்தான் மாத்தோணும்.

மாசி 13
லண்டனிலை இருக்கிற ஒருத்தர், ரொறன்ரோவிலை இருக்கிற ரெண்டு பேர், சுவிசிலை இருக்கிற ஒரு அண்ணை, தாங்களும் வேண்டலாமோ எண்டு கேக்கினம். லண்டன்: ஸ்கொட்லாந்திலை டன்பிளேன் பள்ளிக்கூடத்திலை 1996 இலை ஒருத்தன் பிள்ளையளைச் சுட்டதுக்குப் பிறகு, 1997 சட்டத்தோடை கைத்துவக்குக் கதை முடிஞ்சுது. துவக்கின்ரை முன்வாயாலை மருந்து இடிச்சுச் சுடுற சாதிக்கு அனுமதி எடுத்துச் சுடலாம், அதிலையும் றிவோல்வர் இருக்கு, ஆசையெண்டால் அதைப் பாருங்கோ. கனடா: 2022 ஐப்பசி 21 இலை இருந்து தனியாள் கைத்துவக்கு வேண்டுறது விக்கிறது கைமாத்திறது எல்லாம் உறைநிலை. ரொறன்ரோத் தம்பிமார் மூண்டாம் ஆளிட்டை "அங்கிள் ஒராள் வைச்சிருக்கிறார்" எண்டு கதைக்கப் போகாதையுங்கோ.

சுவிஸ் அண்ணை: உங்களுக்குத்தான் சுவாரசியமான பதில். ஊர் முழுக்கச் சுடுற இடம் இருக்கிற நாடு. ஆனா அவங்கடை 2008 ஆயுத ஒழுங்கிலை, இன்ன நாட்டுக் குடிமக்களுக்கு ஆயுதமும் றவையும் இல்லை எண்டு ஒரு பட்டியல் கிடக்கு. அதிலை சிறிலங்காவும் ஒண்டு. சுவிஸ் பாஸ்போட் எடுத்திட்டீங்கள் எண்டால் அந்தப் பட்டியல் உங்களைப் பிடிக்காது. இன்னும் இலங்கைப் பாஸ்போட் எண்டால் சீஸ் சாப்பிட்டுக்கொண்டு இருங்கோ.

மாங்குளம் தம்பிக்கு: கிரீன் காட் எண்டபடியா உனக்கு வழி இருக்கு. மாணவர் விசா, எச்-1பி விசாவிலை நிக்கிற பெடியள் வேட்டை லைசென்ஸ் மாதிரி ஒரு விதிவிலக்கு இல்லாமல் அங்கை துவக்கோ றவையோ வைச்சிருந்தால் அது மத்திய அரசுக் குற்றம். கடையிலை 4473 எண்ட படிவம் தருவாங்கள், அதிலை எழுதுறது ஒவ்வொண்டும் உண்மையா இருக்கோணும். விளங்காத கேள்விக்கு ஊகிச்சுக் கோடு போடாதை.

மாசி 15
"வன்னியிலை இருந்துகொண்டு துவக்குப் பற்றி எழுத உங்களுக்கு வெக்கமில்லையோ" எண்டு ஒருத்தர் தனிமடல் போட்டிருக்கிறார். பேரில்லாமல் இஞ்சை பதில்.

இஞ்சை துவக்கு எண்ட உடனை ஆக்களின்ரை முகம் மாறும், தெரியும். எனக்கும் மாறும். இந்த மண்ணிலை ஆரும் பொழுதுபோக்கா அந்தச் சத்தத்தைக் கேக்கேல்லை. நான் இஞ்சை ஒண்டும் வைச்சிருக்கிறதில்லை, வைச்சிருக்க விருப்பமும் இல்லை. ஆனா கடுதாசியிலை ஓட்டை போடுறது எண்டது மூச்சையும் விரலையும் பழக்கிற ஒரு விளையாட்டு. ஒலிம்பிக்கிலை இருக்கு. தம்பி இருக்கிற ஒஹையோவிலை, ஈரி எண்ட பெரிய ஏரியின்ரை கரையிலை காம்ப் பெரி எண்ட இடத்திலை 1907 இலை இருந்து தேசியப் போட்டி நடக்குது, குடும்பத்தோடை வந்து கூடாரம் அடிச்சு இருப்பினம். ஒரு வன்னிப் பெடியன் அங்கை போய் நிண்டால் அதிலை எனக்கு என்ன வெக்கம்?

அதோடை, இஞ்சையும் துவக்கு இல்லாமல் போகேல்லை. வயலுக்குப் பண்டி வருகுது, மயில் வருகுது, யானை வந்தால் தென்னையும் இல்லை வாழையும் இல்லை. முந்தி வெள்ளாமைக்காறரிட்டை லைசென்ஸ் போட்ட 12 போர் சொட்கன் இருந்தது. எண்பதுகளிலை சிலர் பொலிசிலை ஒப்படைச்சவை, சிலரிட்டை இயக்கங்கள் வேண்டிக்கொண்டு போனது. இப்ப லைசென்ஸ் எடுக்கிறவை 1916 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குக் கீழைதான் எடுக்கினம், ஒவ்வொரு வருசமும் மார்கழி 31 ஓடை முடியும், திரும்பப் புதுப்பிக்கோணும். மிச்ச ஆக்களுக்கு யானைவெடியும் தகரமும்தான். எனக்குப் பயம் கட்டுத்துவக்குத்தான். பண்டிக்கு எண்டு கம்பி கட்டி வைச்சிட்டுப் போவாங்கள், விறகுக்குப் போற மனிசியின்ரை கால் போகும். வெக்கப்படுறதெண்டால் அதுக்குப் படுங்கோ.

மாசி 16
பரம்பரைத் துவக்குப் பற்றி எழுதின முள்ளியவளை அன்பருக்கு. உங்கடை பூட்டனிட்டை இருந்த றிவோல்வர் பண்டாரவன்னியன் குடுத்தது எண்டு சொல்லுறியள். வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன் வெள்ளைக்காறனிட்டைக் கற்சிலைமடுவிலை தோத்தது 1803 ஐப்பசி 31. சாமுவேல் கோல்ட் அமெரிக்காவிலை தன்ரை சுழல் துவக்குக்குக் காப்புரிமை எடுத்தது 1836. முப்பத்துமூண்டு வருசம் இடிக்குது. அவற்றை நடுகல் இஞ்சை எனக்குக் கிட்டத்தான், வேணுமெண்டால் போய்க் கேட்டுப் பாக்கிறன்.

மாசி 18
எழுதினதைத் திரும்ப வாசிச்சன். மொடல் 10 எண்டு நான் அழுத்திச் சொன்னதுக்கு ஒரு வால் சேக்கோணும்.

அது 1899 இலை தொடங்கின வடிவம், 60 லட்சத்துக்கு மேலை செய்திருக்கு, பாகம் எங்கையும் கிடைக்கும், திருத்தத் தெரிஞ்சவனும் இருப்பான். இதுக்காகத்தான் கோல்டைச் சொல்லேல்லை. கோல்ட் ஒஃபிசல் பொலிஸ் கையிலை அருமையா இருக்கும், ஆனா அதின்ரை உள்வேலையைச் சரிப்படுத்தத் தெரிஞ்ச கிழவர்கள் குறைஞ்சு போச்சினம். கோல்டின்ரை பைதன் எண்டு ஆரோ எழுதினவை. அது பல ஆயிரம் டொலர், முதல் துவக்குக்கு அந்தக் காசை விடுறவனுக்கு என்ரை புத்தி தேவையில்லை. மற்ற ஒருத்தர் சொன்ன ஐவர் ஜோன்சன், றவை போட நடுவாலை மடியிறது, மலிவு. 1909 க்கு முந்தினது பழங்காலக் கரிமருந்துக்குச் செய்தது, இப்பத்தை றவைக்கு இல்லை. அலுமாரியிலை வைக்கலாம்.

வால் என்னண்டால், மொடல் 10 இன்ரை குறி அசையாதது. துவக்கு இடப்பக்கம் அடிச்சால் நீ தான் வலப்பக்கம் பிடிக்கோணும். அதே கொம்பனி இலக்குக்கு எண்டே செய்தது கே-38, பிறகு மொடல் 14 எண்டு பேர் வைச்சது: ஆறங்குலக் குழல், ஆணி திருப்பிச் சரிசெய்யிற குறி. நாலங்குலத்திலை மொடல் 15. கடைக்காரனிட்டை உதுகளிலை ஒண்டு வந்தால் சொல்லச் சொல்லு. விலை கொஞ்சம் கூடும், ஆனா வெப்லிக்குக் குடுக்க நினைச்ச காசுக்குள்ளை வரும்.

.22 இலை மொடல் 17 இருக்கு. றவை மலிவு, உதை இல்லை, பழகிறவனுக்கு அதுதான் சிறப்பு எண்டு எல்லாரும் சொல்லுவினம், நானும் சொல்லியிருப்பன். ஆனா சேகரிக்கிறவை அதின்ரை விலையை ஏத்திப்போட்டினம். அதோடை .38 இலை வெறுந்துவக்கை வீட்டிலை விசை இழுத்துப் பழகலாம், .22 இலை போலி றவை போடாமல் அப்பிடிச் செய்தால் ஊசி அறை விளிம்பிலை அடிச்சுப் பழுதாகும். உண்மையான பழக்கம் அந்த வெறுந்துவக்கிலைதான் நடக்கிறது. சுவரிலை ஒரு புள்ளி, குறிமுனை அசையாமல் விசையை இழு, ஒவ்வொரு இரவும் கொஞ்ச நேரம். றவை நீ நிக்கிற வீட்டறைக்குள்ளையே இருக்கக்கூடாது.

மாசி 20
கிணறு வெட்டேக்கை கறள் பிடிச்ச கைத்துவக்கு ஒண்டு வந்தது, மண்ணெண்ணையிலை ஊறப்போட்டால் கழருமோ எண்டு புதுக்குடியிருப்பிலை இருந்து கேட்டவருக்கு. தொடாதேங்கோ! தொட்டிட்டியள் எண்டால் இருந்த இடத்திலை விட்டிட்டு, வெட்டிறதை நிப்பாட்டி, பிள்ளையளை அங்கால அனுப்பி, பொலிசுக்கு 119 அடியுங்கோ. அல்லது கிட்டத்திலை கண்ணிவெடி எடுக்கிற ஆக்கள் நிண்டால் சொல்லுங்கோ. ஒண்டு தனியா வாறேல்லை, அதோடை புதைச்சது என்னென்ன எண்டு ஆருக்குத் தெரியும். வைச்சிருந்தால் சட்டமும் சும்மா விடாது. இந்த இழை ஒஹையோவிலை கடையிலை காசு குடுத்து வேண்டுறது பற்றி. கலக்காதேங்கோ.

மாசி 21
கேட்டவர் பொலிசுக்குச் சொல்லிப்போட்டாராம். நல்லது.

மாசி 25
தம்பி போய்ப் பாத்திட்டு எழுதியிருக்கிறான். விக்ரறியிலை .38 ஸ்பெஷல் றவை முழுசா இறங்குது, குழலிலை முத்திரை மழுங்கல். நான் மணந்தது சரி. மொடல் 10: இடைவெளி 7, ஹமர் தள்ளுக்கு விழேல்லை, குழல் சுத்தம், ஆணித்தலை கன்னி. ஆனா ஒரு அறை, மெல்ல இழுத்தால் ஹமர் நிண்ட பிறகுதான் பூட்டுது. விரலை எடுத்திட்டு வேகமா இழுத்தால் ஆறும் பூட்டுது.

இது இந்த வயசுத் துவக்கிலை சாதாரணம், பயப்படாதை, ஆனா சும்மா விடாதை. சிலிண்டரைத் தள்ளிச் சுத்திற கை எண்ட பாகம் தேஞ்சிருக்கு, அல்லது பின்னாலை நட்சத்திரம் மாதிரி இருக்கிற பல்லிலை அந்த ஒரு பல் தேஞ்சிருக்கு. கொஞ்சம் தடிச்ச கை போட்டால் சரிவரும், பட்டறைக்காரனுக்கு அரைநாள் வேலை. அந்தக் கூலியை விலையிலை குறைக்கச் சொல்லிக் கேள், கடைக்காரனுக்கு முன்னாலை அந்த அறையைக் காட்டிக் கேள். குறைக்காட்டில் மொடல் 15 வரும்வரை பொறு. திருத்திறதுக்கு முதல் சுடாதை.

மாசி 27
குறைச்சிட்டானாம். துவக்கு இப்ப திருத்த வேலையிலை.

அது வாறதுக்குள்ளை செய்யவேண்டியது: சாவிப் பெட்டி வேண்டு, அலுமாரிக்கு மேலை வைக்கிறது பாதுகாப்பில்லை, நாலு வயசுப் பிள்ளை கதிரை இழுத்து ஏறும். றவையை வேறை பெட்டியிலை வேறை பூட்டிலை வை. சுடுறதுக்கு 148 கிறெயின் வாட்கட்டர் கேள். தட்டைத் தலைச் சன்னம், உதை மெல்லிசு, கடுதாசியிலை வட்டமா ஓட்டை விழும், எண்ணிறது சுகம். பெட்டியிலை "பிளஸ் பீ" எண்டு போட்டதை, அதுதான் அழுத்தம் கூடின றவையை, பழைய துவக்குக்கு வேண்டாதை. முதல் நாள் ஹமரை ஏத்தி ஏத்தி ஒண்டொண்டாச் சுடு, ஹமரை ஏத்தாமல் விசையை மட்டும் இழுத்துச் சுடுறது பிறகு பாப்பம். காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி. உள்ளரங்கு றேஞ்ச் எண்டால் ஈயத்தூசு காத்திலை நிக்கும். வீட்டை வந்த உடனை மகளைத் தூக்காதை, முதல் குளிர்தண்ணியிலை சோப் போட்டுக் கையும் முகமும் கழுவி, சேட்டைக் கழட்டித் தனியாத் தோய்க்கப் போடு.